5000 அடிக்கு மேலே: ஜோசப் ஹூக்கரும் மலையகக் காடுகளும்

பதுளையிலிருந்தோ பசறையிலிருந்தோ பார்க்கும்போது ஒரே பச்சைத் திரையாகத் தோன்றும் நமுனுகுல மலைத்தொடர், அருகே செல்லச் செல்ல வெவ்வேறு பச்சைகளாகப் பிரிந்துவிடும். அடிவாரத்திலும் சரிவுகளிலும் தேயிலை. அயலிலுள்ள மேடுகளில் ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் பைனஸ். எல்லாவற்றுக்கும் மேலே, 2036 மீற்றர் உயரமான சிகரத்தைச் சூழ, மேகம் தங்கிச் செல்லும் இயற்கைக் காடு. அங்கிருந்து கசியும் நீர்தான் ஊற்றாகவும் ஓடையாகவும் இறங்கித் தோட்டத்துப் பீலிகளுக்கு வருகிறது. பின்னர் பதுளு ஓயாவில் கலக்கிறது. லயன்களில் வாழும் தொழிலாளிக்கும், பதுளை நகரில் கடை நடத்தும் முஸ்லிம் வர்த்தகருக்கும், பள்ளத்தாக்கில் வயல் செய்யும் சிங்கள விவசாயிக்கும் மேலே இருக்கும் காடு ஒன்றே.

கோப்பியும் தேயிலையும் மலைகளை மொட்டையடித்துக்கொண்டு மேலேறிய காலத்தில் உச்சிகளில் மட்டும் காடு எவ்வாறு தப்பியது? செங்குத்தான பாறைகளும் கடும் குளிரும் ஓரளவுக்குக் காரணம். இன்னொரு காரணம், 1873 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஆலோசனை. 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று பிரித்தானிய நிர்வாகத்துக்கு அறிவுறுத்தியவர், லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக அப்போது இருந்த ஜோசப் டோல்டன் ஹூக்கர். உலகத் தாவரவியலாளர்கள் அவரை டார்வினின் உற்ற நண்பராகவும் இமயமலைத் தாவரங்களை உலகுக்கு அறிமுகஞ் செய்தவராகவும் அறிவர். மலையக மக்களாகிய எமக்கு அவரோடுள்ள தொடர்பு பெரிதாகப் பேசப்படுவதில்லை. அது நன்றி கூறுவதற்கு மட்டுமுரிய தொடர்பன்று என்பதும் உண்மை.

ஹூக்கர் 1817 ஜூன் 30 ஆம் திகதி இங்கிலாந்தின் சபோக் பகுதியிலுள்ள ஹேல்ஸ்வேர்த்தில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹூக்கர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். ஏழு வயதிலேயே தந்தையின் விரிவுரைகளில் போய் அமர்ந்துகொள்ளும் பழக்கம் மகனுக்கு இருந்தது. 1839 இல் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளரைப் பார்க்கும் ஆர்வத்தினால் படித்த படிப்பன்று அது. கடற்படைக் கப்பலில் உலகைச் சுற்ற வேண்டுமானால் உதவி வைத்தியர் என்ற பதவியே அக்காலத்தில் இலகுவான வழியாக இருந்தது. அவ்வாண்டே ஜேம்ஸ் கிளார்க் ரொஸ் தலைமையில் தென்துருவக் கடல்களை நோக்கிப் புறப்பட்ட எரிபஸ் என்ற கப்பலில் ஏறினார். நான்கு ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் பனிக்கடலும் தாஸ்மேனியாவும் நியூசிலாந்தும் அவருக்குப் பாடசாலைகளாயின.

ஆயினும் அவரது பிற்கால எண்ணங்களுக்கு வித்திட்டவை அத்திலாந்திக் சமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் இரு சிறு தீவுகள் என்றே கூறவேண்டும். ஒன்று நெப்போலியன் சிறையிருந்த சென் ஹெலினா. போர்த்துக்கேய மாலுமிகள் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுச்சென்ற ஆடுகள் அத்தீவில் பல்கிப் பெருகின. வளர்ந்த மரங்களை மனிதர் வெட்டினர். முளைத்த கன்றுகளை ஆடுகள் தின்றன. வேறெங்கும் காணப்படாத மரங்களைக் கொண்டிருந்த காடு அழிந்து, மழையோடு மண்ணும் கடலுக்குப் போயிற்று. ஹூக்கர் அங்கே இறங்கியபோது எஞ்சியிருந்தவை உச்சியிலுள்ள சில துண்டுக் காடுகள் மட்டுமே. காடழிந்த மலை எப்படியிருக்கும் என்பதை ஒரு தீவு முழுவதிலும் கண்கூடாகப் பார்த்த இளைஞர் அவர்.

மற்றையது அசென்ஷன் தீவு. 1843 இல் நாடு திரும்பும் வழியில் எரிபஸ் அங்கே தரித்தது. எரிமலைச் சாம்பலால் ஆன அத்தீவில் மரங்கள் அனேகமாக இல்லை. 859 மீற்றர் உயரமான நடுமலையில் புற்களும் பன்னங்களுமே இருந்தன. 1815 முதல் அங்கே நிலைகொண்டிருந்த கடற்படையினருக்குக் குடிநீர் தீராத கவலை. மலையின் மேற்பகுதியில் மரம் நட்டால் மேகத்தின் ஈரத்தை அவை பிடித்துத் தரும், மண்ணும் தேறும் என்று 1847 இல் ஹூக்கர் கடற்படைத் தலைமையகத்துக்கு ஆலோசனை வழங்கினார். அதன்படி 1850 இலிருந்து கப்பல் கப்பலாகக் கன்றுகள் வந்திறங்கின. சில தசாப்தங்களில் நோர்போக் தீவின் பைன், மூங்கில், யூக்கலிப்டஸ், வாழை என்று உலகின் பல மூலைகளைச் சேர்ந்த தாவரங்கள் ஒரே மலையில் அடர்ந்து நின்றன. இன்று பச்சை மலை என்று அழைக்கப்படும் அவ்வுச்சியில் மேகம் சொட்டுகிறது. தாவரவியல் வரலாற்றில் இதற்கு நிகரான துணிச்சலான செயல்கள் குறைவு.

அதற்குரிய விலையும் பின்னர் தெரியவந்தது. அம்மலைக்கே உரிய சிறு பன்னங்கள் வந்தேறிகளின் நிழலிலும் நெருக்கத்திலும் நசுங்கின. சில இனங்கள் அடியோடு அழிந்தன. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு பன்னம் 2009 இல் செங்குத்தான சரிவொன்றில் ஒரு சில செடிகளாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பாதுகாப்பு அலுவலர்கள் கயிற்றைப் பிடித்து இறங்கி, களை பிடுங்கி, நீர் ஊற்றி அதனைக் காத்தனர். அதன் வித்திகள் கியூவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கே அது வளர்த்தெடுக்கப்பட்டது. ஹூக்கர் மரங்களை அனுப்பிவைத்த அதே கியூவிலிருந்து, அம்மரங்களால் நலிந்த பன்னம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டெழுந்தது. ஊவாவின் பைனஸ் மேடுகளைப் பற்றிப் பேசும்போது இந்தத் தீவை நாம் மறுபடியும் நினைக்க வேண்டியிருக்கும்.

1847 இன் இறுதியில் ஹூக்கர் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். டார்ஜிலிங்கைத் தளமாகக் கொண்டு சிக்கிம், கிழக்கு நேபாளம் ஆகிய பகுதிகளில் 1848, 1849 ஆம் ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட நடைப்பயணங்களே அவருக்கு அழியாப் புகழைத் தேடித்தந்தன. லெப்சா இனத்தவர் வழிகாட்டிகளாகவும் சேகரிப்பாளராகவும் உடன் சென்றனர். ஐரோப்பியத் தோட்டங்களைப் பின்னர் நிறைத்த ரொடோடென்ட்ரன் மலர்ச்செடிகளில் பல அப்பயணத்தில் அறியப்பட்டவை. எமது ஹோர்ட்டன் சமவெளியில் செந்நிறமாகப் பூக்கும் மரமும் அதே குடும்பத்தின் ஓர் உறுப்பு என்பதை வாசகர்கள் அறிந்திருப்பர்.

அப்பயணத்தில் கசப்பான அத்தியாயம் ஒன்றுமுண்டு. 1849 நவம்பரில் ஹூக்கரும் டார்ஜிலிங்கின் பிரித்தானிய அதிகாரியான கெம்பலும் சிக்கிம் அரசின் திவானால் சிறைப்பிடிக்கப்பட்டனர். எல்லை கடந்து திபெத்துக்குள் சென்றமையே அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. நத்தாருக்கு முதல்நாள் இருவரும் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் பிரித்தானியா அத்துடன் விடவில்லை. சிக்கிமுக்குரிய தாழ்நிலப் பகுதியை 1850 இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அப்பகுதியிலும் பின்னர் தேயிலை வளர்ந்தது. செடி தேடிப் போன விஞ்ஞானியின் காலடித் தடத்தில் பேரரசின் காலடியும் விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஹூக்கரின் வாழ்க்கையை எழுதுவோர் பலர் இவ்விடத்தை விரைவாகக் கடந்துவிடுகின்றனர்.

அவர் 1851 இல் நாடு திரும்பித் திருமணஞ் செய்தார். 1855 இல் கியூவின் உதவிப் பணிப்பாளரானார். டார்வினுடனான நட்பு இக்காலத்தில் உச்சத்தில் இருந்தது. உயிரினங்கள் மாறக்கூடியவை என்ற தனது எண்ணத்தை டார்வின் 1844 இலேயே ஹூக்கரிடம் அந்தரங்கமாக வெளியிட்டிருந்தார். 1858 இல் டார்வின், வொலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகளும் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்படுவதற்கு வழிசெய்தவர்களுள் ஹூக்கரும் ஒருவர். அது தனியாக எழுதப்பட வேண்டிய கதை.

1860 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் சிரியாவுக்கும் லெபனானுக்கும் சென்றார். மூன்று சமயத்தவரும் போற்றும் லெபனானின் சீதர் மரங்களைக் காண்பதே பிரதான நோக்கம். பைன் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரங்களால் ஒரு காலத்தில் மூடப்பட்டிருந்த மலைகள், மன்னர்களின் மாளிகைகளுக்கும் கப்பல்களுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டுண்டு வெறுமையாகிக் கிடந்தன. கடீஷா பள்ளத்தாக்கின் தலைப்பில் எஞ்சிய தோப்பில் ஹூக்கர் எண்ணிய மரங்கள் ஏறத்தாழ 400. எண்ணிக்கையைவிட அவரை அதிரவைத்தது வேறொன்று. தோப்பில் இளமரமே இல்லை. இரண்டாண்டுக் கன்றுகூடக் கிடைக்கவில்லை. முளைப்பவை அனைத்தும் ஆடுகளுக்கும் வறட்சிக்கும் இரையாகிக்கொண்டிருந்தன. முதியோர் மட்டும் வாழும் ஊரைப் போல இருந்தது அத்தோப்பு. 1876 இல் தோப்பைச் சுற்றி மதில் ஒன்று எழுப்பப்பட்டது. அதற்கான செலவை விக்டோரியா மகாராணி ஏற்றார்.

மதில் ஆடுகளைத் தடுத்தது. காட்டைப் பெருக்கியவர்கள் பின்னர் வந்த உள்ளூர் மக்கள். 1996 இல் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சூஃப் மலைப் பகுதியில், பல சமயங்களைச் சேர்ந்த கிராமத்தவரின் பங்களிப்புடன் சீதர்க் கன்றுகள் நடப்பட்டு வருகின்றன. 2004 முதல் லெபனானில் இயற்கை ஆர்வலர்கள் ஹிமா என்ற பழைய ஏற்பாட்டுக்கும் உயிர் கொடுத்துள்ளனர். ஒரு மேய்ச்சல் நிலத்தையோ காட்டையோ பொது நலனுக்காக ஒதுக்கி, ஊரே காவல் காப்பதுதான் ஹிமா. அரேபியாவில் இஸ்லாத்துக்கு முன்னரே இருந்த இந்த வழக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனியார் ஆதிக்கத்திலிருந்து விடுவித்துப் பொதுநலனுக்கு உரியதாக்கினார்கள். தமிழகத்துக் கிராமங்களின் கோயிற்காடுகளிலும் இதே சிந்தனையைக் காணலாம். தெய்வத்துக்கென விடப்பட்ட காட்டில் சுள்ளி பொறுக்கவும் ஊரார் தயங்குவர்.

தந்தை இறந்ததைத் தொடர்ந்து 1865 இல் ஹூக்கர் கியூவின் பணிப்பாளரானார். இருபது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். 1871 இல் மொரோக்கோவுக்குச் சென்று அட்லஸ் மலைகளில் ஏறியதைத் தவிர, இக்காலத்தின் பெரும்பகுதி மேசையில் கழிந்தது. அந்த மேசை சாதாரணமானதன்று. கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர், ஜமேக்கா என்று குடியேற்ற நாடுகளின் தாவரவியல் பூங்காக்கள் அனைத்திலிருந்தும் கடிதங்களும் காய்ந்த செடிகளும் அங்கே வந்து குவிந்தன. எந்தப் பயிர் எந்த நாட்டில் இலாபம் தரும் என்ற கேள்விக்கு விடை அங்கிருந்து சென்றது. மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா, அவரது தந்தையின் காலத்தில் 1861 அளவில் ஹக்கலவுக்கு வந்தது. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் கியூவில் முளைக்கவைக்கப்பட்டு, கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. எமது மூதாதையர் மழையிலும் அட்டைக்கடியிலும் வளர்த்த பயிர்களுள் சிலவற்றின் பயணச்சீட்டு கியூவில் எழுதப்பட்டது என்றால் அது மிகையாகாது.

அக்காலத்து மலைநாட்டின் நிலை என்ன? 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசின் உடைமையாக்கியது. அவை தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளரின் கோடரிகளால் மலை மலையாகக் காடு விழுந்தது; விழுந்ததற்குத் தீ வைக்கப்பட்டது; சாம்பலில் கோப்பி நடப்பட்டது. 1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூளாகப் பூஞ்சண நோய் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளரான துவைட்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நோயினால் விளைச்சல் சரியச் சரிய, இன்னும் உயரத்தில் புதுமண் தேடும் ஆசை தோட்டக்காரருக்கு எழுந்தது இயல்பே. மேலே எஞ்சியிருந்ததோ ஆறுகளின் தலைப்புக் காடு.

இந்தக் கட்டத்தில்தான் 1873 ஆம் ஆண்டின் ஆலோசனை வந்தது. அவ்வாண்டே ஹூக்கர் றோயல் சங்கத்தின் தலைவராகவும் தெரிவானார். பிரித்தானிய விஞ்ஞான உலகில் அதைவிட உயர்ந்த ஆசனம் இல்லை. அவரது சொல்லைக் குடியேற்ற நிர்வாகம் தட்டிக்கழிக்க இயலாதிருந்தது. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவதையும் துப்புரவாக்குவதையும் தடுக்கும் நிர்வாக ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவரது பெரும் பயணங்களுள் எமது மலைநாடு இடம்பெறவில்லை என்பதை நினைவிற்கொள்வோமானால் இந்த ஆலோசனையின் பெறுமதி கூடும். சென் ஹெலினாவில் மண் கரைந்ததையும் லெபனானில் கன்று முளைக்காததையும் பார்த்த கண்கள், காணாத மலைகளின் வருங்காலத்தையும் கணித்தன என்றே தோன்றுகிறது.

அந்த ஆணை பூரணமாகக் காக்கப்பட்டதா என்றால் இல்லை. நுவரெலியாப் பக்கத்தில் அவ்வுயரத்துக்கு மேலும் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் இருப்பதை எவரும் காணலாம். ஹோர்ட்டன் சமவெளியிலேயே சுதந்திரத்துக்குப் பின்னர் உருளைக்கிழங்குச் செய்கை நடைபெற்றது. 1977 அளவில்தான் அது கைவிடப்பட்டது. எனினும் பெருங்காடுகளின் மையம் தப்பியது. ஹோர்ட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலைநீர் அப்பகுதியில் ஊறுகிறது. நமுனுகுல போன்ற தனித்த சிகரங்களுக்கு அத்தகைய பெருமையோ பாதுகாவலர் படையோ கிட்டவில்லை.

ஹூக்கரின் ஆலோசனையில் ஒரு பெருங் குறைபாடு உண்டு. அதில் மரம் இருந்தது, மழை இருந்தது, ஆறு இருந்தது. மலையில் வாழும் மனிதர் இல்லை. ஒரு கோட்டுக்கு மேலே எவரும் நுழையக்கூடாது, கோட்டுக்குக் கீழே தோட்டத்துரை எதையும் செய்யலாம் என்பதே நடைமுறையில் அதன் பொருளாயிற்று. 1885 இல் வனச் சட்டம் வந்த பின்னர், அடுப்புக்கு விறகு வெட்டிய தொழிலாளியும் சேனை செய்த கிராமத்தவரும் குற்றவாளிகள் ஆயினர். பல்லாயிரம் ஏக்கரை எரித்தவர்கள் சட்டத்தின் முன் கௌரவமான முதலீட்டாளர்கள். காடு என்றால் அதிகாரிக்குரியது, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் தோட்ட மக்களிடையே வேரூன்றியிருந்தால் அதற்கு அவர்களைக் குறைகூற இயலாது. நிலமே சொந்தமில்லாதவனிடம் காட்டைச் சொந்தமாக நினை என்று எவ்வாறு கேட்பது?

இனி பைனஸ் மரங்களுக்கு வருவோம். இலங்கைக்கென்று இயற்கையாகவுள்ள பைன் இனம் எதுவுமில்லை. மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட பைனஸ், பெரும்பாலும் 1970 களிலும் 1980 களிலும் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் வனத்துறையினரால் நடப்பட்டது. வறண்ட மண்ணிலும் விரைவாக வளரும், மண்ணரிப்பைத் தடுக்கும், பலகையும் பிசினும் தரும் என்பன கூறப்பட்ட காரணங்கள். வெறும் மலையை மரத்தால் மூடுவோம் என்ற நம்பிக்கையில் அசென்ஷன் தீவின் சாயலைக் காணாதிருக்க முடியாது. பைனஸ் வந்தபின் ஊற்று வற்றியது என்பது ஊவா கிராமங்களிலும் தோட்டங்களிலும் பரவலாகக் கேட்கும் முறைப்பாடு. இதனை அறியாமை என்று ஒதுக்குவோருக்கு ஒன்று நினைவூட்டலாம். புல்வெளியில் விரைந்து வளரும் அந்நிய மரங்களை நட்டால் ஓடைநீர் குறைகிறது என்பதைத் தென்னாபிரிக்காவிலும் நீலகிரியிலும் நடந்த அளவீடுகள் காட்டியுள்ளன. அதேவேளை, எல்லா ஊற்றும் பைனஸாலேயே வற்றியது என்பதும் மிகைக்கூற்றாகும்.

தீயைப் பற்றி விவாதத்துக்கு இடமில்லை. ஆண்டுதோறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் எமது தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற நறுமணத்தைத் தருகிறது. அதே காற்றில் மானாப் புல்லும், பிசின் ஊறிய பைனஸ் சருகும் பஞ்சு போலப் பற்றிக்கொள்கின்றன. வேட்டைக்காக வைத்த தீ, மேய்ச்சலுக்காக வைத்த தீ, வீசியெறிந்த பீடித்துண்டு என்று தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். இயற்கையாக மூண்டவை அரிது. தீ மேலேறினால் அடுத்திருப்பது உச்சிக்காடு. மேகக் காட்டு மரங்கள் தீயைக் கண்டு பழகாதவை. ஒரு முறை எரிந்த விளிம்பு மறுபடியும் காடாவதில்லை, புல்லாகிவிடுகிறது. அத்தருணங்களில் அதிகாரிகளும் படையினரும் வந்து சேருமுன் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுபவர்கள் அயலிலுள்ள தோட்டத்து இளைஞர்களும் கிராமத்தவர்களுமே. அவர்களுக்குச் சம்பளமில்லை, கையுறையில்லை, மறுநாள் பத்திரிகையில் பெயருமில்லை.

எரிந்ததற்குப் பின் என்ன செய்வது என்பதற்கு வழிகாட்ட இலங்கையிலேயே அனுபவம் உண்டு. சிங்கராஜ வனத்தின் எல்லையில் நடப்பட்டிருந்த பைனஸ் காட்டினுள், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களான நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக தம்பதியர் 1990 களின் தொடக்கத்திலிருந்து ஓர் ஆய்வை நடத்தினர். சில வரிசைகளை மட்டும் அகற்றி, வெளிச்சம் விழும் இடைவெளிகளில் உள்நாட்டுக் காட்டு மரங்களின் கன்றுகள் நடப்பட்டன. பைனஸின் மென்னிழல் அவற்றுக்குத் தாதியானது. முழுவதையும் வெட்டிச் சாய்த்துவிட்டு வெட்டவெளியில் நட்டிருந்தால் அக்கன்றுகளில் பல தாங்கியிரா. ஊவாவிலும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் இடைப்பட்ட மிராஹவத்தையில், பெலிபொல என்ற இடத்திலுள்ள சீரழிந்த நிலத்தை 1980 களிலிருந்து காடாக மாற்றிக் காட்டியவர் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க. இயற்கைக் காட்டின் அடுக்குகளைப் பின்பற்றி, மக்களுக்குப் பயன்தரும் மரங்களையும் சேர்த்து வளர்க்கும் அம்முறை பின்னர் பல நாடுகளுக்குச் சென்றது. ஹோர்ட்டன் சமவெளியில் வெள்ளையர் கொண்டுவந்த முட்புதரான கோர்ஸ் செடியைப் பிடுங்குவதற்குத் தொண்டர் குழுக்கள் சென்று வந்துள்ளன. வேரோடு பிடுங்காவிட்டால் மறுபடியும் முளைக்கும்; பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் காத்திருக்கும். ஒரு நாள் புகைப்படத்துடன் முடியும் வேலையன்று அது.

மரநடுகை விழாக்களில் நட்ட கன்றுகளுக்கு அடுத்த வறட்சியில் யார் நீர் ஊற்றினர் என்று விசாரித்தால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. நமுனுகுலவுக்குத் தேவையானவை எளியவை: கச்சான் தொடங்குமுன் சருகை அகற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்டுவது, ஊற்றைச் சுற்றி உள்நாட்டு மரங்களை நட்டு மூன்று கோடைக்கேனும் காப்பது, புகையைக் கண்டதும் அறிவிக்க ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஆள் இருப்பது. தோட்ட இளைஞர் மன்றங்களும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும் கிராமச் சங்கங்களும் ஒன்றுகூடினால் இவற்றுக்குப் பெரும் நிதி தேவைப்படாது. ஆனால் வனத்துறையும் தோட்டக் கம்பனிகளும் அவர்களைக் காவலராக ஏற்றுக்கொள்ள வேண்டும். காட்டில் கண்டால் கள்வன், தீப்பிடித்தால் தொண்டன் என்ற இரட்டை நியாயம் நீடிக்கும்வரை எந்தத் திட்டமும் தாளிலேயே தங்கிவிடும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் கண்ட மண்சரிவுகளும் மறக்கக்கூடியவை அல்ல. சரிவுகளுக்குப் பல காரணங்கள் உண்டு. மலைச்சரிவின் மண்ணும் நீரும் யார் தலைக்கு மேலே இருக்கின்றன என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஹூக்கர் 1885 இல் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார், வேலையிலிருந்து அன்று. பிரித்தானிய இந்தியாவின் தாவரங்களை விவரிக்கும் ஏழு பாகங்களிலான பெருநூலை 1897 இல் நிறைவுசெய்தார். அதற்குள் இன்னொரு பணி காத்திருந்தது. பேராதனையின் பணிப்பாளராயிருந்த ஹென்றி ட்ரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது கைந்நூலின் மூன்று பாகங்களை வெளியிட்டுவிட்டு 1896 இல் காலமானார். எஞ்சியதை முடிக்கும் பொறுப்பை எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஹூக்கர் ஏற்றார். நான்காம் பாகம் 1898 இலும் ஐந்தாம் பாகம் 1900 இலும் வெளிவந்தன.

அந்த ஐந்தாம் பாகத்தின் பெரும்பகுதி புற்களுக்குரியது. இளமையில் ஒரு வெறும் மலையை மரங்களால் மூடச் சொன்னவர், எண்பத்து மூன்றாவது வயதில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இலங்கையின் புற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பூவையும் உமியையும் அளந்து, பெயரிட்டு எழுதினார். ஊவாவின் பத்தனைகளில் வளரும் மானாப் புல்லும் அந்தப் பக்கங்களில் உண்டு. பிற்காலத்தில் பைனஸ் நடுவதற்காக வெற்று நிலம் என்று கணக்கிடப்பட்ட புல்வெளிகள் அந்த நூலில் வெற்றாக இல்லை. இனம் இனமாக, உயரம் உயரமாக, எங்கே எது வளர்கிறது என்ற விபரத்தோடு பதிவாகியுள்ளன.

1911 டிசெம்பர் 10 ஆம் திகதி, தமது 94 ஆவது வயதில் ஹூக்கர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் டார்வினுக்கு அருகே அடக்கஞ் செய்ய இடமளிக்கப்பட்டது. அவரது விருப்பத்தின்படி, கியூவிலுள்ள தேவாலயத்து மயானத்தில் தந்தையின் கல்லறைக்கு அருகே அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.